தொண்டையில் காயம் இல்லை

கோவில்பத்தின் கடைசித் தெருவில் குஞ்சம்மாவின் சினையாடு வாய்க்கால் மேட்டில் செத்துக் கிடந்தது. காலையிலேயே தெரு முழுக்க அங்கே கூடிவிட்டது.

"சிறுத்ததான். மாயவரம் பக்கம் திரிஞ்சிச்சுன்னாங்களே, அது இங்க வந்துடிச்சு" என்றார் முருகானந்தம். மேட்டையொட்டிய வயல் அவருடையது.

கல்லூரிக்குக் கிளம்பிய சிவப்ரியாவைக் குஞ்சம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "நீ வெலங்குப் பாடந்தானே நடத்துற. பாத்துச் சொல்லும்மா."

சிவப்ரியா குனிந்து பார்த்தாள். ஆட்டின் தொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. சிறுத்தையாக இருந்தால் கழுத்தைக் கவ்வி மூச்சை அடக்கியிருக்கும். இங்கே பின்தொடை கிழிந்திருந்தது. வாலடியிலும் வயிற்றிலும் சிறிதும் பெரிதுமாகப் பல கடிகள். ஓட ஓட விரட்டிக் கடித்திருக்கின்றன. நாய்கள், அதுவும் மூன்று நான்கு.

அவள் தினமும் சோறு வைக்கும் செவலை நாய், விடிந்ததும் வாசலில் வந்து படுத்தது நினைவுக்கு வந்தது. அதன் மோவாயில் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சேறு என்று நினைத்திருந்தாள்.

"சரியாத் தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் இரையை எப்படிக் கொன்றன என்று அன்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்பு. ஆசையாகத் தயாரித்திருந்தாள். ஆனால் திரையில் மண்டையோடுகள் வந்தபோது, ஒரே படத்தை முன்னும் பின்னுமாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டி.ரெக்ஸ் பல்லு வாழப்பழம் கணக்கா தடிமன். எலும்போட சேத்து நொறுக்கிடும். அல்லோசரஸுக்கு அந்தக் கடி பலம் கெடையாது. வாய அகலமாத் தொறந்து பல்லப் பதிச்சு, கழுத்தப் பின்னால இழுத்து சதையக் கிழிச்சிருக்கும்னு கணிக்கிறாங்க. கார்கரோடான்டோசரஸுக்குப் பல்லு பட்டையா, ரம்பம் வச்ச கத்தி மாதிரி. அறுத்து விட்டா, இரை ரத்தம் போயே சாய்ஞ்சிடும்."

முத்தமிழ் என்ற மாணவி எழுந்தாள். "மேடம், அதுங்க கொன்னத யாருமே பாக்கலியே. எப்படிச் சொல்றாங்க?"

"பல்லோட வடிவம், தாடையோட பலம், அப்பறம் இரையோட எலும்புல இருக்குற தடம். ஒரு தாவர உண்ணி டைனோசரோட வாலெலும்புல டி.ரெக்ஸ் பல்லு உடைஞ்சு சொருகியிருந்துச்சு. அதச் சுத்தி எலும்பு வளந்து ஆறியிருக்கு. அப்ப, உயிரோட இருந்தப்பவே கடிச்சிருக்கு, அது தப்பிச்சும் இருக்கு."

"அப்ப தடத்தப் பாத்தா, கடிச்சது எதுன்னு சொல்லிடலாமா மேடம்?"

சிவப்ரியா திரையை அணைத்தாள். "பல நேரம் சொல்லிடலாம்" என்றாள். பாதியிலேயே வகுப்பை முடித்தாள்.

மாலையில் திரும்பியபோது தெருவில் ஒரு பிள்ளையும் விளையாடவில்லை. மேட்டில் முருகானந்தம் குச்சிகள் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். கம்பியின் மறுமுனை பம்புசெட்டுக்குப் போயிற்று. குஞ்சம்மாவும் தெரு ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

"இருட்டுனதும் கரண்ட் குடுத்துருவேன். சிறுத்த கால வச்சா அங்கயே முடிஞ்சிடும்."

பால்காரி மாரிக்கண்ணு விடியுமுன் வருவது அந்த மேட்டு வழியாகத்தான். சிவப்ரியா வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"வேணாங்க! கம்பிய எடுங்க! சிறுத்த இல்ல, நாய்ங்கதான்!"

"காலைல தெரியலன்னீங்களே?"

"தெரியும். நான் சோறு போடுற செவலையும் அதுல ஒண்ணு. சொன்னா அடிச்சுக் கொன்னுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

முருகானந்தம் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். குஞ்சம்மா அவளையே பார்த்தாள்.

"புள்ளைங்கள நாள் முச்சூடும் வீட்டுக்குள்ள போட்டு அடச்சி வச்சிருந்தோம். உனக்கு நாய்தான் பெருசாப் போச்சா?"

யாரோ கட்டையோடு அவள் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அவள் முந்திக்கொண்டு ஓடி, வாலாட்டி வந்த செவலையின் கழுத்தில் கயிறு போட்டுக் கொல்லைத் தூணில் கட்டினாள். பிறகு வாசலை மறித்து நின்றாள்.

"இத இனிமே அவுத்து விட மாட்டேன். மத்ததுங்களுக்கும் கால்நடை டாக்டர்கிட்ட பேசி, புடிச்சிட்டுப் போக ஆள வரச் சொல்றேன். அதுவரைக்கும் ஆடுங்கள எங்க கார் ஷெட்டுல கட்டுங்க. கேட்டுக்குப் பூட்டு இருக்கு."

கட்டைகள் தயங்கின. முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் குஞ்சம்மா மிச்சமிருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷெட்டில் கட்டிவிட்டு, தண்ணீருக்கு வாளி மட்டும் கேட்டாள். கொல்லையில் செவலை கயிற்றை இழுத்து இழுத்துக் குரைத்தது. அந்தச் சத்தத்துக்கு ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கின. சிவப்ரியா உட்கார முடியாமல் கொல்லைக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"நாய் கட்டுனது கெட்டியா இருக்கா?" என்று குஞ்சம்மா அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இருக்குக்கா."

"இன்னொரு தடவ பாத்துட்டு வா."

சிவப்ரியா போனாள்.