தொண்ணூற்றாறு பாடவேளை

எங்கள் அலுவலகத்தில் பட்டங்களை எடை போடுகிறோம். அக்கம்பக்கத்து நாடுகளில் படித்தவர்கள் இங்கே வேலை தேடி வந்தால், அவர்களுடைய பட்டம் நம் பட்டத்துக்கு இணைதான் என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் அவர்கள் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் கணக்கில்தான் வருவார்கள். இதே வேலைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. மலைக்குப் பின்னால் உள்ள நாட்டிலும் இருக்கிறது. அவர்கள் பட்டம் மட்டம் என்று நாங்கள் எழுதுகிறோம். எங்கள் பட்டம் மட்டம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். என்னோடு படித்த ஒருவன் ஆற்றைத் தாண்டிப் போய்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அங்கே படித்த பொறியாளர் ஒருவர் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அவர் வந்த பிறகு லிஃப்ட் நின்றதில்லை.

வேலை முறை எளிது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து முதன்முதலாக வருகிறவரின் ஃபைலைப் பாடம் பாடமாக, மணி மணியாக ஒப்பிடுவோம். அது தேறிவிட்டால் அதற்குத் தாய் ஃபைல் என்று பெயர். அதன் பிறகு அங்கே அதே படிப்பைப் படித்து வருகிறவர்களுக்கு ஒப்பீடு கிடையாது. தாய் ஃபைலின் எண்ணைப் போட்டு முத்திரை குத்துவோம். பத்து நிமிட வேலை. தாய் தேறாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

என் மனைவியின் ஃபைல் அப்படி ஒரு முதல் ஃபைல். அதில் ஆட்சேபம் எழுதியவன் நான்.

அப்போது அவள் என் மனைவி இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த ஒரு விண்ணப்பதாரர். ஆட்சேபக் கடிதம் கிடைத்த மறுநாளே கவுன்ட்டருக்கு வந்துவிட்டாள்.

"சார், இதை எழுதினது நீங்களா?"

"ஆமா."

"என்னோட நாப்பது மணி நேரம் எங்க போச்சு?"

"உங்க மதிப்பெண் பட்டியல்ல ரத்தப் பரிசோதனை செய்முறைக்குத் தொண்ணூத்தாறு பாடவேளைன்னு இருக்கு. ஒண்ணுக்கு அம்பது நிமிஷம். எண்பது மணி நேரம் வருது. நூத்தி இருபது வேணும்."

"அம்பது நிமிஷம்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. என் கல்லூரியில் பாடவேளை ஐம்பது நிமிடம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"எங்க காலேஜ்ல எழுபத்தஞ்சு நிமிஷம் சார். பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன். சரியாக நூற்றிருபது மணி நேரம் வந்தது.

"வருதா?"

"வருது."

"அப்ப அடிச்சுட்டு எழுதுங்க."

"அப்படி அடிக்க முடியாதுங்க. உங்க காலேஜ் கடிதம் கொடுக்கணும்."

"கொடுத்தா?"

"நாலு வரிதான். எழுதிடுவேன்."

என் கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நுண்ணுயிரியல் படித்தேன். வகுப்பில் அறுபது பேர், நான்கு நுண்ணோக்கிகள். இரண்டில் லென்ஸ் இல்லை. மற்ற இரண்டும் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும். ரெக்கார்டு நோட்டை முந்தைய ஆண்டு மாணவர்களிடம் வாங்கிப் படம் உட்பட அப்படியே எழுதினோம். என் மதிப்பெண் பட்டியலில் செய்முறை நூற்றிருபது மணி நேரம் என்று அழகாக அச்சாகியிருக்கிறது. அதை யாரும் பெருக்கிப் பார்த்ததில்லை.

அவள் கல்லூரியின் கடிதம் வர ஏழு மாதம் ஆனது. முதல்வர் முத்திரை, பல்கலைக்கழக முத்திரை, வெளியுறவுத் துறை முத்திரை. அவள் வாரம் ஒரு தடவை வந்து கேட்டாள். பிறகு கேட்க ஒன்றும் இல்லாதபோதும் வந்தாள். ஆறாவது மாதம் திருமணத்தைப் பதிவு செய்வதென்று முடிவானது.

"லெட்டர் வந்துடட்டுமே, அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

"லெட்டருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். அந்த அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்த நான்தான் அப்படிக் கேட்டேன்.

திருமணமான மறுநாள், விதிப்படி, பிரிவு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி விண்ணப்பதாரர் என் மனைவி ஆவார்.' எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

பிரிவு அலுவலருக்குப் பின்குறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். எதையும் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு முக்கியமானது ஞாபகம் வரும்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. நல்லா இருங்க" என்றார். நான் கதவு வரை போனதும், "ஒண்ணே ஒண்ணு. இனிமே அந்த ஃபைலை நீ தொட முடியாது."

"தெரியும் சார். வேற யாராவது ஆட்சேபத்தை நீக்கிடட்டும்."

"அங்கதான் சிக்கல். ஆட்சேபம் எழுதினவர்தான் அதை நீக்கணும். பதினெட்டாவது விதி."

எழுதியவன் நான். நான் தொடக்கூடாது. வேறு யாரும் நீக்கக்கூடாது. அடுத்த மாதம் கல்லூரிக் கடிதம் மூன்று முத்திரைகளோடு வந்து ஃபைலில் உட்கார்ந்தது. ஃபைல் என் மேசையிலிருந்து எட்டடி தூரத்து அலமாரியில் இரண்டு வருடம் இருந்தது. மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு மூன்று தடவை எழுதினோம். பரிசீலனையில் உள்ளது என்று மூன்று தடவை பதில் வந்தது.

அவள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். பதவியின் பெயர் உதவியாளர், மூன்றாம் நிலை. சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் வேலையில் இருந்த பையன்கள் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பார்த்துச் சொல்லுவாள். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

"உங்க ஊருப் பட்டம் பிரமாதம்" என்பாள் என்னிடம். "லென்ஸுக்கு எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்னு மட்டும்தான் சொல்லித் தரல."

"நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க ஒண்ணும் செய்யக் கூடாதே. நீங்க என் புருஷனாச்சே."

ஆறு மாதம் முன்பு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதே மருத்துவமனையில் சேர்த்தேன். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அறிக்கை வந்தது. படுத்தபடியே வாங்கிப் பார்த்தாள்.

"இந்த வெள்ளணு எண்ணிக்கை தப்பு. என்னால கழுத்தை வளைக்க முடியல, இவன் சாதாரணம்னு எழுதியிருக்கான். திரும்ப எண்ணச் சொல்லுங்க."

சொன்னேன். செவிலியர் சிரித்தார். மறுநாள் மத்தியானம் திரும்ப எண்ணினார்கள். அவள் சொன்னதுதான் சரி. அதற்குள் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மூளைக்காய்ச்சல். மொத்தம் ஆறு நாள்.

முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் என் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவன். அவன் பட்டத்தை யாரும் எடை போடவில்லை. உள்ளூர்ப் பட்டம்.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி என் மச்சினி கவுன்ட்டருக்கு வந்தாள். அக்கா படித்த அதே கல்லூரி, அதே படிப்பு, இரண்டு வருடம் இளையவள். அங்கே ஓர் இடத்துக்கு நானூறு பேர் நிற்கிறார்கள் என்று இங்கே வந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். ஒரு குழந்தைகள் மருத்துவமனை ஆய்வகம் அவளைத் தேர்வு செய்திருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் இணைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

"அத்தான், என் ஃபைல் எங்க நிக்குது?"

"அக்கா ஃபைலுக்குப் பின்னால."

"அக்கா ஃபைல்?"

"அங்கேயேதான்."

"ஆளே போயாச்சு. ஃபைலுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?"

கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தேன்.

"நான் கொடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம். அடுத்த ஆளு எந்தக் காலேஜ் தெரியுமா? உங்க காலேஜ்."

"தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுக்கோங்க. குழாய் கழுவ என்னால முடியாது அத்தான். அக்கா பொறுமைசாலி. நான் அப்படி இல்ல."

கிளம்பும்போது, சான்றிதழ் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அக்காவின் ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். வேலைக்குப் போனால் உதவுமாம். ஒன்பது நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆசிரியர் கையெழுத்து. நான் இன்னும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. சரி என்றேன்.

அன்று மாலை பின்குறிப்பு என்னைக் கூப்பிட்டார். முன்னால் விதிப் புத்தகம் திறந்திருந்தது.

"உக்காருப்பா. தப்பா எடுத்துக்காத. ஒண்ணு யோசிச்சேன். கணவனோ மனைவியோ தொடக்கூடாதுன்னுதான் விதி. நீ இப்ப கணவன் இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதிப்படி சொல்றேன். ஆட்சேபத்தை நீயே நீக்கலாம். தடை இல்ல."

"இறந்தவங்க ஃபைலை மூடிடணும்னு இல்லையா சார்?"

"தேடிட்டேன். எங்கயும் இல்ல. செத்த பிறகும் ஒருத்தர் வேலை கேப்பாங்கன்னு எவனும் யோசிக்கல." புத்தகத்தை மூடினார். "உன் மச்சினிக்காகத்தான் சொல்றேன். ரெண்டு வருஷமா அந்த ஃபைலுமேல தூசி தட்டிட்டு இருக்கேன் நானும்."

எழுந்தேன். கதவுக்குப் போனதும் குரல் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு. இறப்புச் சான்றிதழ் நகல் வைக்கணும். அப்புறம் வழக்கமான உறுதிமொழி."

இறப்புச் சான்றிதழ் ஐந்து மாதமாக என் பையின் உள்ஜிப்பில் இருந்தது. வங்கிக்கும் கொடுக்கவில்லை, வீட்டுக்காரருக்கும் கொடுக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"அஞ்சாறு எடுத்து வச்சுக்கங்க சார். எல்லா இடத்துலயும் கேப்பான்."

ஒன்று போதும் என்றேன்.

உறுதிமொழிப் படிவத்தை எல்லா ஃபைலிலும் வைப்போம். ஒரு நாளைக்கு இருபது கையெழுத்தாவது போடுவேன். அன்றுதான் அதை முழுசாகப் படித்தேன். 'இவ்விண்ணப்பதாரருக்கும் எனக்கும் இரத்த வழியிலோ திருமண வழியிலோ எவ்வித உறவும் இல்லை என உறுதி கூறுகிறேன்.'

படிவத்தை எடுத்துக்கொண்டு பின்குறிப்பிடம் போனேன்.

"சார், 'இப்போது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கலாமா?"

"அச்சடிச்ச படிவம்ப்பா. கையால எதுவும் சேர்த்தா ஒப்புதல் குழு திருப்பி அனுப்பிடும்."

மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த நான்கு வரிகளை எழுதினேன். கல்லூரிக் கடிதத்தின்படி ஒரு பாடவேளை எழுபத்தைந்து நிமிடம். தொண்ணூற்றாறு பாடவேளை நூற்றிருபது மணி நேரம். முந்தைய கணக்கு என்னுடைய பிழை. ஆட்சேபம் நீக்கப்படுகிறது.

மேசையில் கடிகாரம் இருந்தது. நான்கு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. பதினோரு ஃபைல்களோடு அவளுடையதும் தேறியது. விவாதம் இல்லை. அட்டையில் சிவப்பு மையில் 'தாய்' என்று எழுதி எண் போட்டார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை.

மச்சினியின் ஃபைல் என் மேசைக்கே வந்தது. பின்குறிப்பிடம் திருப்பிக் கொண்டுபோனேன்.

"இதை வேற யாராவது பார்க்கட்டும் சார்."

"எதுக்கு?"

"மச்சினி சார்."

"அக்காவுக்கே உறவு இல்லன்னு எழுதிக் கொடுத்தாச்சு. அப்புறம் தங்கச்சி உனக்கு யாருப்பா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டார். பக்கத்து மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். தேதி முப்பது. இரண்டாவது உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். வரிசையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவள் முறை வந்ததும் சான்றிதழைக் கண்ணாடித் தடுப்பின் அடியில் தள்ளினேன். நின்றபடியே படித்தாள். இணையானது என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் தாய் ஃபைலின் எண் இருக்கும். அதில் விரலை வைத்தாள்.

"இது அக்காவா?"

"ஆமா."

"எப்படி முடிஞ்சுது?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தாள்கள் ஃபைலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். சொன்னேன். இறப்புச் சான்றிதழின் நகலையும், உறுதிமொழிகளையும்.

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்கள் இல்லை. வேறு ஜாடை.

"அந்த நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம்."

சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் மெதுவாக நுழைத்தாள். மூலை மடங்காமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

"ரொம்ப நன்றி சார்" என்றாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். உறவு முறை யார் காதிலாவது விழுந்தால் சான்றிதழுக்கு ஆபத்து. அதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவரும் அதே கல்லூரி. பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து ஒன்பது நோட்டுகளையும் எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தேன். மத்தியானம் வரை பார்த்தேன். அவள் வரவில்லை. மூன்று மணிக்குக் கைபேசியில் செய்தி வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டாளாம். நோட்டுகளைக் கூரியரில் அனுப்பினால் போதுமாம். மருத்துவமனை முகவரி கொடுத்திருந்தாள்.

செய்தி 'வணக்கம் சார்' என்று தொடங்கியது. அங்கே வரிசையில் யாரும் நிற்கவில்லை.