காணாமல் போன பதினான்கு நிமிடம்

எனக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறேன். அரை டிகிரி கோணலாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. "கண்ணாடியில மட்டும் கோணல் பாத்தா பரவாயில்ல, நீ மனுஷங்க மூஞ்சிலயும் பாக்குறே" என்பார் என் வீட்டுக்காரர். அவரை யார் கேட்டார்கள்.

அன்று மதியம் கடையில் ஆளில்லை. கோளரங்கத்தின் பக்கத்தைப் போனில் திறந்தேன். போன மாத எரிகல் மழையைப் படம் பிடித்தவர்கள் அனுப்பியதில் சிறந்த படத்தை அறிவித்திருந்தார்கள். பழைய கல்குவாரியின் விளிம்பு, அதற்கு மேலே வானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும் பச்சை நிற எரிகல். கீழே என் ஓரகத்தியின் பெயர். நேரம், விடிகாலை மூன்று பதினேழு.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, சத்தியமாக. அடுத்த நொடியே மூக்கில் வேர்த்துவிட்டது. அந்த இரவு அவள் கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி என் கேமராவும் அதே திசையைப் பார்த்துத்தானே நின்றது? என் படத்தில் இந்த எரிகல் எங்கே?

அவள் என் கொழுந்தனின் மனைவி. நான் கூப்பிடுவது சின்னவ என்று. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். எங்களைப் படம் எடுக்கும்போதுகூட "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். ஆறு வருடத்துக்கு முன் மின்சாரம் போன ஓர் இரவு, மொட்டை மாடியில் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்தது. பிறகு ஒரே நாளில், ஒரே கம்பெனியில், ஒரே மாதிரி இரண்டு கேமரா வாங்கினோம். நிலா இல்லாத வார இறுதிகளில் குவாரிக்குப் போவோம். நட்சத்திரத்துக்காகத் தூக்கத்தை விடும் ஜென்மம் எங்கள் வீட்டில் வேறு கிடையாது. மனம்விட்டுப் பேசவும் எனக்கு அவளை விட்டால் ஆளில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

தேர்வான படத்தை எடுத்தவருக்கு மலை உச்சியிலுள்ள பெரிய தொலைநோக்கியில் மூன்று இரவு தங்கிப் பார்க்க இடம். ஒருவருக்கு மட்டும். அதற்காக நாங்கள் இரண்டு பேரும் மூன்று முறை மனுப் போட்டு மூக்குடைபட்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் படங்களைத் திறந்தேன். கேமராக்களை ஸ்டாண்டில் நிறுத்தி ரிமோட்டை மாட்டிவிட்டால், இருபது நொடிக்கு ஒரு படம் என்று அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். நான் இரண்டரை மணிக்குக் காரில் சாய்ந்தவள், நான்கு மணிக்குத்தான் கண் விழித்தேன். மறுநாள் இரண்டு கார்டுகளிலிருந்தும் படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிப் பிரித்துக் கொடுத்தது சின்னவதான். எப்போதும் அப்படித்தான், நான் எண்ணிப் பார்த்ததே கிடையாது. இப்போது எண்ணினேன். மூன்று பதினொன்று வரை படம் இருந்தது. அடுத்த படம் மூன்று இருபத்தைந்தில். படங்களின் வரிசை எண்ணிலும் நடுவில் நாற்பது எண்கள் விடுபட்டிருந்தன. அப்படியென்றால் என் கேமரா அந்த நாற்பது படங்களையும் எடுத்திருக்கிறது. எடுத்ததை யாரோ உருவியிருக்கிறார்கள்.

அந்த யாரோவுக்கு எங்கள் வீட்டில் ஒரே முகம்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளுடைய படத்தைப் போனில் பெரிதாக்கினேன். நெடுநேரம் திறந்திருக்கும் கேமராவில், நட்சத்திரமே இல்லாத இடங்களில் சில புள்ளிகள் விழும். சென்சாரில் உள்ள குறை அது. எந்தக் கேமராவுக்கு எங்கே விழும் என்பது மாறவே மாறாது, கைரேகை போல. என் கேமராவுக்கு வலது மூலையில் ஏழு புள்ளி, கொக்கி வடிவத்தில். அவளுடைய படத்தின் வலது மூலையில் அதே கொக்கி, ஏழு புள்ளி. இத்தனை வருடம் கூடவே இருந்து, அடிமடியிலேயே கை வைத்துவிட்டாளே!

சின்னவ வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியில் வழிமறித்தேன்.

"என் கேமரால மூணு பதினொண்ணுலேர்ந்து மூணு இருபத்தஞ்சு வரைக்கும் என்ன நடந்துச்சு?"

அவள் தோள்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்க லென்ஸ்ல பனி பிடிச்சிருந்துச்சுக்கா. துடைச்சேன், பேட்டரி மாத்தினேன்."

"அதுக்குப் பதினாலு நிமிஷமா?"

"வேற என்ன செஞ்சேன்னு ஞாபகம் இல்லக்கா. தூக்கக் கலக்கம்."

"என் கேமரா புள்ளி ஏழும் உன் படத்துல இருக்கு. அதுக்கும் தூக்கக் கலக்கம்தானா?"

போனை நீட்டினேன். அவள் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குரூர சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். சத்தம் கேட்டுக் கொழுந்தன் எட்டிப் பார்த்தார், என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். இருவருக்கும் கேட்கும்படியாகவே "திருட்டு" என்ற வார்த்தையைச் சொன்னேன்.

சின்னவ சண்டை போடவில்லை. "கார்டு மாறிப் போயிருக்கும்போல. நீங்க சொன்னா சரியாத்தான்கா இருக்கும்" என்றாள். மறுநாள் காலையிலேயே கோளரங்கத்துக்குப் போன் போட்டு, படம் தன் அக்காவுடையது, தவறுதலாகத் தன் பெயரில் அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டாள். மாலையில் ஒரு பென் டிரைவை என் கையில் கொடுத்தாள். "அந்த ராத்திரி எடுத்தது மொத்தமும் இதுல இருக்கு. அவங்க ஒரிஜினல் கேப்பாங்க."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாளே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

கோளரங்கத்தில் ஒரிஜினலைக் கேட்டார்கள். சனிக்கிழமை மலைக்கு வண்டி புறப்படுகிறது என்றும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மாலை கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெரிய திரையில் படத்தைத் திறந்தேன். கேமராவிலிருந்து வந்தபடியே, யாரும் கை வைக்காத படம். வலது மூலையில் என் கொக்கி இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. இடது பக்கம், நான் இதுவரை பார்த்தே இராத வேறு நான்கு சிவப்புப் புள்ளிகள்.

பரிசு வாங்கிய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். என் ஏழு புள்ளிகளும் அதில் இருந்தன. ஆனால் கறுப்பாக இருந்தன; போனின் சின்னத் திரையில் அந்த நிறம் எனக்குப் பிடிபடவில்லை. என் கேமரா போடுவது சிவப்புப் புள்ளி.

விஷயம் இதுதான். அந்தக் குறைப் புள்ளிகளை நீக்க, லென்ஸில் மூடியைப் போட்டுவிட்டு, அதே குளிரில் சில படங்கள் எடுப்போம். அந்த மூடிப் படங்களில் வானம் இருக்காது, புள்ளிகள் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டரில் நிஜப் படத்திலிருந்து மூடிப் படத்தைக் கழித்தால் புள்ளி போய்விடும். ஒரு கேமராவின் படத்திலிருந்து இன்னொரு கேமராவின் மூடிப் படத்தைக் கழித்துவிட்டால், இல்லாத புள்ளியைத் தோண்டி எடுத்தது போல அந்த இடங்களில் கறுப்புக் குழி விழும். பென் டிரைவைத் துழாவினேன். அவளுடைய மூடிப் படங்களோடு கலந்து, என் வரிசை எண்ணில் நாற்பது மூடிப் படங்கள். மூன்று பதினொன்றிலிருந்து மூன்று இருபத்தைந்து வரை.

என் லென்ஸ் பனியில் மங்கியிருந்த நேரத்தை வீணாக்காமல், எனக்காக அவள் மூடிப் படம் எடுத்திருக்கிறாள். மூன்று பதினேழுக்கு எரிகல் விழுந்தபோது என் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நானும்தான்.

அவள் செய்த ஒரே தவறு, பிரிக்கும்போது நாற்பது படங்களை இடம் மாற்றிப் போட்டது. நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. இது என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு வேறு, பிசாசு மாதிரி தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோளரங்கத்தில் புள்ளியை யார் எண்ணப் போகிறார்கள்?

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மலைக்குப் போகக் கம்பளிச் சட்டை வாங்கினேன். ஆனால் அவளை வேவு பார்க்காமல் இருக்க முடியவில்லை. படியில் இறங்கும்போது ஏன் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்? "பேட்டரி எக்ஸ்ட்ரா எடுத்துக்கங்கக்கா, அங்க குளிர்ல சீக்கிரம் தீந்துடும்" என்றாளே, அது அக்கறையா, குத்தலா? அவள் ஒரு வார்த்தை சொல்லும்போதெல்லாம் அதற்குள் இன்னொன்று இருக்கிறதா என்று தேடித் தேடி மண்டை காய்ந்தது.

சனிக்கிழமை காலை, வண்டி வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, என்னால் முடியவில்லை. மாடிக்குப் போனேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அது உன் படம்தான். என் மூடிப் படம் அதுல கலந்திருக்கு. செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும்" என்றேன். மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு திங்கக்கிழமையே தெரியும்க்கா. பென் டிரைவ்ல போடறதுக்கு முன்னாடி பாத்தேன்."

"பின்னே ஏன்டி சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

படியில் நின்று நான் கத்திய நேரம் நினைவுக்கு வந்தது. அப்போது அவள் நாற்பது படங்களையும் கொண்டுவந்து காட்டியிருந்தால், நேரத்தை மாற்றிவிட்டாய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"மாட்டேன்" என்றேன்.

"அதான்" என்று அடுத்த துணியை எடுத்தாள்.

அங்கேயே நின்று கோளரங்கத்துக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு உற்சாகமான குரல், "எரிகல் படம் எடுத்தவங்கதானே பேசறீங்க? வண்டி கிளம்பிடுச்சு" என்றது.

"இல்லைங்க. நான் அவங்க மேல திருட்டுப் பட்டம் கட்டினவ" என்றேன்.

அவள் வாளியிலிருந்த கடைசித் துணியையும் போட்டு முடித்தாள். அதுவரை திரும்பிப் பார்க்கவில்லை.