வாக்கிங் போன மலை

என் சீட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற தோழிக்கு ஆபீஸ்ல வச்ச பேரு 'மாமியார்'. என் வயசுதான். எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பா. அவளுக்கு நன்றி சொல்லணும்னுதான் இத எழுதுறேன்.

மலை மேல பனி ஒரு ஆறு மாதிரி மெதுவா நகரும். பனியாறுன்னு சொல்லுவோம். சாட்டிலைட் எடுத்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, பனியில இருக்கிற வெடிப்பெல்லாம் எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்குன்னு பாத்தா வேகம் தெரியும். அதுதான் எங்க வேலை.

அந்த வாரம் என் நாத்தனாரு அந்தப் பனி மேலயே டென்ட் போட்டு, கூட வந்தவங்களோட ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. வேகம் திடீர்னு கூடினா பனி பிளந்துக்கும். அங்கயே தங்கலாமான்னு நாங்கதான் சொல்லணும். எனக்கு வந்த கணக்குல வழக்கமான வேகம்தான். தங்கலாம்னு சொல்லப் போனேன்.

மாமியார் எட்டிப் பாத்தா. பனியப் பாக்கல, ஓரத்துல இருந்த மலையப் பாத்தா.

"ஏம்மா, உன் மலை நகருதே?"

"மலையா?"

"பாறை மேல்பக்கமா போயிருக்குன்னு காட்டுது பாரு. வாக்கிங் போகுதா அது?"

படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். மேகம் பாதி மலைய மறைச்சதுல, கம்ப்யூட்டர் புதுப் படத்த கொஞ்சம் மேல தள்ளி உக்கார வச்சிருக்கு. பனி கீழ இறங்கின தூரத்துல பாதிய அந்தத் தள்ளல் தின்னுடுச்சு. பாறை அசையாதபடி படத்த இறக்கி வச்சுப் பாத்தா, பனி ரெண்டு மடங்கு வேகத்துல ஓடுது.

உடனே நாத்தனாருக்கு சாட்டிலைட் போன் போட்டேன்.

"அண்ணி, இப்பதான் டீ வச்சேன்."

"டீயக் கொட்டிட்டு கிளம்பு. எல்லாரும் ஓரத்துப் பாறை மேல ஏறிடுங்க."

"குடிச்சிட்டு..."

"வாலு, சொன்னா கேளு."

"எங்க அண்ணன் பாவம்"னு முனகிட்டே கிளம்பினா.

மறுநாள் போட்டோ அனுப்பினா. டென்ட் இருந்த இடத்துல பெரிய பிளவு. கீழ ஒரு வரி: "மறந்து வச்ச அடுப்பு மட்டும் உள்ள போயிடுச்சு, அண்ணி." ஆபீஸ்லயே அழுதுட்டேன்.

இறங்கி வந்ததும் நேரா எங்க ஆபீஸுக்கு வந்து, "யாரு அந்த மாமியார்?"னு கேட்டு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. தான் ஏறி நின்ன பாறையிலிருந்து எடுத்த ஒரு கல்லையும் குடுத்தா.

அது மாமியார் மேஜை மேலதான் இருக்கு. நான் அதத் தொட்டா, "நகத்தாதே"ங்கிறா.