கட்டுச் சொன்ன பிள்ளை

வெள்ளிக்கிழமை என்றால் என் அக்கா கமலாவதியின் முற்றத்தில் சனம் நெரியும். எல்லாரும் அவள் மகள் பத்மாசினியிடம் கட்டுக் கேட்க வந்தவர்கள். அம்மாளாச்சி அவள் வாயால் வருங்காலம் சொல்கிறாளாம். பதினொரு வயதுப் பிள்ளை. கோதாரி, அம்மாளாச்சிக்கு வேறு வாய் கிடைக்கவில்லையா?

எப்படி இருந்த பிள்ளை! கணக்கில் கெட்டிக்காரி. எழுபத்துமூன்றாம் ஆண்டு புகையிலை நடுகிற காலத்தில் புத்தகத்தைத் தொடுவதை விட்டாள். குளிக்கமாட்டாள், சீப்பால் தலை இழுக்க விடமாட்டாள். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று கோப்பையைத் தள்ளுவாள். சுவரைப் பார்த்துச் சிரிப்பாள், பிறகு காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "உங்கடை ஆடு சாகப்போகுதெண்டு சொல்லுகினம்" என்றாள். ஆடு செத்தது. கிழட்டு ஆடு, வேறென்ன செய்யும்? மறுநாளே ஊர் அவளைக் கும்பிட்டது. இன்னும் பெரியபிள்ளையாகாத பெட்டை, சுத்தமான உடம்பு, அதுதான் அம்மாளாச்சி இறங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். தகப்பன் தம்பிராசா, என் அத்தான், கிணற்றடியில் கொட்டில் போட்டு, சூலம் நட்டு, பிள்ளையைச் சிவப்புச் சீலையில் சுற்றி இருத்திவிட்டார்.

அவருக்கென்ன நட்டம்? மூளை பிசகிய விசர்ப்பிள்ளையின் தகப்பன் என்றால் சண்டிலிப்பாயில் ஒரு நாய் வாசலுக்கு வராது. இப்போது அவரைக் கண்டால் ஆட்கள் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்கள்.

அடுத்த வருசம் கார்த்திகையில் அத்தான் புகையிலை விற்கக் கொழும்புப் பக்கம் போன சமயம் பார்த்து, அக்காவை ஏசிச் சம்மதிக்க வைத்துப் பிள்ளையைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனேன். அடைக்கலநாதன் என்று மனநோய் பார்க்கிற டொக்டர். நாங்கள் ஒருவரும் கேட்காததை அந்த மனிதர் கேட்டார்.

"பிள்ளை, ஆரும் கதைக்கிற மாதிரிக் கேக்குதோ?"

"ஓம். ரெண்டு ஆம்பிளையள். என்னைப் பற்றித் தங்களுக்குள்ளை கதைக்கினம். நான் கூடாதவளாம், சாகட்டாம்."

"அவை வாறது உமக்கு விருப்பமோ?"

"இல்லை, பயமாக்கிடக்கு. அப்பாட்டைச் சொன்னனான். கும்பிடச் சொன்னார்."

அத்தனை சனம் அவளைக் கேள்வி கேட்டதே, ஒருத்தராவது அவளைப் பற்றிக் கேட்டதா?

"இது சிசோபிரீனியா எண்ட வருத்தம்," என்றார் டொக்டர். "இந்த வயசிலை வாறது குறைவு. வந்தாலும் பிடிவாதம், பேய் எண்டு காலத்தைக் கடத்திப்போடுவினம். குளிசை தாறன். உடம்பு விறைச்சால், வாயூறினால் உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் சொல்லாமல் மட்டும் நிப்பாட்டக் கூடாது."

தைப்பொங்கலுக்கு முதலே எங்கள் பழைய பிள்ளை திரும்பிவிட்டாள். தானாகச் சீப்பைக் கொண்டுவந்து என் முன்னால் குந்தினாள். "சின்னம்மா, இப்ப அவை தூரத்திலைதான் கதைக்கினம்" என்றாள். பிறகு ஒருநாள், "ஒண்டும் கேக்கேல்லை" என்று சிரித்தாள். நான் அழுதேன்.

அத்தான் வந்தார். அந்த வெள்ளிக்கிழமை சனம் என்ன கேட்டாலும் பிள்ளை "எனக்குத் தெரியாது" என்றாள். முற்றம் வெறிச்சோடியது. மனிசன் குளிசைப் போத்தலைக் கண்டுபிடித்துக் கிணற்றுக்குள் எறிந்தார்.

"ஆரைக் கேட்டு என்ரை வீட்டுத் தெய்வத்தைக் கட்டிப்போட்டனீ?"

"தெய்வமோ? அது வருத்தம் அத்தான்! பிள்ளைக்கு விசர் முத்தப்போகுது!"

"அந்தச் சொல்லை இந்த வளவுக்குள்ளை எடுக்காதை. போ வெளியிலை!"

அக்கா மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு வேறென்ன தெரியும்? அன்றோடு வாசற் படலை எனக்குச் சாத்தப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சனத்தோடு சனமாக உள்ளே போவேன்.

மாசிக்குள் குரல்கள் வந்துவிட்டன. சனமும் வந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து இரத்தினம்மா என்றொருத்தி, காய்ச்சலில் துவண்ட மகனைக் கொட்டிலின் முன்னால் கிடத்தினாள். பத்மாசினி நடுங்கிக்கொண்டிருந்தாள். சனத்துக்குள் என்னைக் கண்டதும் குழறி அழுதாள்.

"சின்னம்மா, என்ரை குளிசையைத் தாங்கோ! டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ!"

அத்தானுக்கு முகம் ஒருகணம் கறுத்தது. அடுத்த கணம் கையைத் தலைக்கு மேலே கூப்பினார். "அம்மாளாச்சி உத்தரவு குடுத்திட்டா! பொடியனை டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ!"

"அட பாவியளே, அவள் தனக்கெல்லோ கேக்கிறாள்!" என்று கத்தினேன். என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். இரத்தினம்மா மகனைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினாள்.

பொடியன் பிழைத்துக்கொண்டான். நேரத்துக்குக் கொண்டுவந்தபடியால்தான் தப்பினான் என்று ஆசுபத்திரியில் சொன்னார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை இரத்தினம்மா பட்டுச் சீலையோடு வந்து பத்மாசினியின் காலில் விழுந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பிள்ளை குனிந்து அவளுடைய சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னையும் கொண்டுபோங்கோ" என்றாள்.

அத்தான் அந்தப் பிடியை விரல் விரலாக விலக்கி, வெறும் கைக்குள் வேப்பிலையைத் திணித்தார்.