ஓவனின் பின்பக்கத் தகடு

மூன்று வருஷம் ஏழு மாதம் கழித்து அக்காவின் நம்பர் என் போனில் வந்தது. யாருடையதோ ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

“ஓவன் கதவு திறக்கல” என்றாள். எப்படி இருக்கே, என்ன பண்றே, ஒன்றும் கிடையாது.

“உன் வீட்டுக்காரர்தானே கம்பெனில சர்வீஸ் மேனேஜர். அவர்கிட்ட சொல்லு.”

“அவர் காலைல பாத்துட்டார். அது போயிடுச்சு, புதுசு வாங்கிக்கலாம், யாரையும் கூப்பிட்டுத் திறக்க வேண்டாம்னுட்டுப் போயிட்டார். புதுசு வர ரெண்டு நாள் ஆகுமாம். நாளைக்குக் காலைல நாலடுக்குக் கல்யாண கேக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா என் பேரு கெட்டுடும்.”

பேர் கெடுவதைப் பற்றி என்னிடம் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. வருகிறேன் என்றேன். கூடப்பிறந்த பாசத்தில் கிளம்பினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவள், அதே வாசலில் நின்று உள்ளே வா என்று கூப்பிடுவதைப் பார்க்கப் போனேன்.

நடந்தது இதுதான். அப்போது அத்தானின் கீழ் அதே கம்பெனியில் நான் மெக்கானிக். ஆபீசில் அத்தானுக்கு ‘ஸ்டாம்ப்’ என்று பெயர். தேதி வைத்த ரப்பர் ஸ்டாம்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார், வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் ஓவன் நின்றுவிட்டது என்று போனேன். ஓவனில் தானே சுத்தம் செய்துகொள்ள ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே சமையல் சூட்டைப்போல இரண்டு மடங்கு ஏறி, ஒட்டியிருக்கும் பிசுக்கெல்லாம் சாம்பலாகிவிடும். சூடு அளவு மீறினால், பின்பக்கத் தகட்டுக்குள் இருக்கும் சின்ன ப்யூஸ் தான் எரிந்துபோய் மின்சாரத்தை நிறுத்தி வீட்டைக் காப்பாற்றும். டீச்சர் வீட்டில் அது தன் வேலையைச் செய்திருந்தது. புது ப்யூஸ் கைவசம் இல்லை. ‘பொருள் வரவேண்டும், அதுவரை உபயோகிக்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் அத்தானே அங்கே போயிருக்கிறார். டீச்சரின் மருமகன் மேலிடத்துக்கு வேண்டியவராம். ப்யூஸைத் தாண்டி ஒரு துண்டு வயரை முறுக்கிக் கொடுத்து, ஓடுதுங்க என்று நல்ல பேர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வாரத்தில் டீச்சர் மறுபடியும் அந்தப் பட்டனை அழுத்த, நிறுத்த ஆளில்லாமல் சூடு ஏறி, பக்கத்து அலமாரி பற்றிக்கொண்டது. டீச்சருக்குக் கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. விசாரணையில், அந்த வீட்டுக்குப் போனதாகக் காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான்; உபயோகிக்கக் கூடாது என்று நான் எழுதியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. “வயர் கொடுத்தது இவதான்” என்றார் அத்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. டீச்சருக்குக் கண்ணும் சரியில்லை, வந்தவர் யாரென்று அவரால் சொல்ல முடியவில்லை. வேலை நீக்கக் கடிதத்தில் என் எதிரிலேயே ஸ்டாம்ப் அடித்தார். “தெளிவா விழல” என்று சொல்லி, ஸ்டாம்பை வாயருகே கொண்டுபோய் ஊதி, இன்னொரு தடவை குத்தினார். அவரை ‘அவர்’ என்று சொல்லும் மரியாதை பழக்கத்தில் வருகிறது, மனசில் இருந்து இல்லை.

அக்காவிடம் ஓடினேன். “என் புருஷன் மேல பழி போடாதே” என்றாள். அவளுக்குப் பெண் பிறந்ததைக்கூட எனக்கு மூன்றாம் மனுஷர்தான் சொன்னார்கள். விசாரணையின்போது நான் எடுத்த, டீச்சர் வீட்டுக் கருகிய வயரின் படம் மட்டும் என் போனில் இருந்தது. போன் மாற்றினாலும் அதை முதலில் மாற்றிக்கொள்வேன்.

அக்கா கதவைத் திறந்தாள். முன்நெற்றியில் நரை, கன்னத்தில் மாவு. “உள்ள வா” என்றாள். நான் கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது. ஆனால் அது போதவில்லை. பசி அடங்காதவள் மாதிரி நேரே சமையலறைக்குப் போனேன்.

“என்ன பண்ணினே?”

“சர்க்கரைப் பாகு கொட்டிக் கருகிடுச்சு. சுரண்டிப் பாத்தேன், வரல. சுத்தம் பண்ற பட்டனைப் போட்டேன். நேத்து சாயந்திரம் போட்டது. அடுப்பே சிவந்து போச்சு. பயந்து மெயினை அணைச்சேன். அதுலேர்ந்து கதவு திறக்கல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அந்தப் பட்டனைத் தொடவே தொடாதேன்னு அவர் சொல்லியிருந்தார்.”

“எப்போ சொன்னார்?”

“போன வருஷம் இதே மாதிரி ஒரு தடவை நின்னுபோச்சு. அவரே அரை மணில சரி பண்ணிட்டு, அப்போ சொன்னார்.”

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வேலையைப் பார்த்தேன். கைக்குச் சூடு இருக்கிறதா என்று தொட்டேன், ஆறியிருந்தது. மெயினைப் போட்டு, பட்டனை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். முகப்பில் பிழை எண் மின்னியது, கதவு அசையவில்லை. பூட்டை இழுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. சரி, வழக்கம்போல ப்யூஸ் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுபடியும் மெயினை அணைத்தேன். ஓவனை இருவருமாக வெளியே இழுத்துத் திருப்பினோம். ஆறு ஸ்க்ரூ. தகடு வந்தது.

குளிர வைக்கும் ஃபேனில் மாவும் எண்ணெயும் சேர்ந்து அடை அடையாக அப்பியிருந்தது. காற்றே போக வழியில்லை. அப்படியென்றால் சூடு மீறியிருக்க வேண்டும், ப்யூஸ் போயே ஆகவேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். போன ப்யூஸில் மீட்டர் சத்தம் போடாது. இது போட்டது. நீளமாக, கூசாமல் கத்தியது.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ப்யூஸ் போய்த்தான் இருந்தது. அதைத் தாண்டி ஒரு சிவப்பு வயர். இரண்டு முனையிலும் இடப்பக்கமாக மூன்று சுற்று, மிச்சத்தைக் கொக்கி மாதிரி மடக்கி உள்ளே செருகியிருந்தது. பக்கத்திலேயே கதவு மோட்டாருக்குப் போகும் வயரின் தோல் உருகி வழிந்திருந்தது. அதனால்தான் பூட்டு நின்றுவிட்டது.

மூன்று வருஷமாக இந்த நிமிஷத்தில் என்னவெல்லாம் பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது, பஸ்ஸில், கனவில். நாக்கை நறுக்கென்று கடித்துக்கொண்டேன். நான் சொன்னால் அது பழி. போனைத் திறந்து பழைய படத்தை வயர் பக்கத்தில் பிடித்தேன்.

“அக்கா, இந்த முறுக்கைப் பாரு. இது டீச்சர் வீட்டுல எரிஞ்சது. இது உன் வீட்டுது.”

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஜன்னல் வழியாக பால்கனியைப் பார்த்தாள். துணி காயப்போட அத்தான் கட்டிய கம்பி அங்கே இருந்தது. இரண்டு முனையிலும் இடப்பக்கமாக மூன்று சுற்று, மடக்கிச் செருகிய வால். கேக் பெட்டிகளைக் கட்டித் தருவதும் அவர்தானாம். மேஜையில் இருந்த பெட்டியின் கம்பிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படியே இருந்தது.

“இது என்ன பண்ணும்?” என்றாள்.

“சூடு மீறினா நிறுத்த வேண்டியதை நிறுத்த விடாது. நீ மெயினை அணைக்கலைன்னா நின்னிருக்காது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?”

“பாப்பா தூங்கற ரூம்” என்றாள்.

சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். மறைப்பானேன். அவள் முகம் செத்ததைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. குழந்தையை நினைத்ததும், அந்தச் சுவரில் கருகல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். சந்தோஷமும் பயமும் ஒன்றாகத்தான் இருந்தது.

அக்கா போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “ஓவனைத் திறந்தாச்சு” என்றாள்.

“பின்னாடி தகட்டையா? யாரு கழட்டினது? யாரையும் கூப்பிடாதேன்னு சொன்னேனா இல்லையா? அதைத் தொடாதீங்க, நான் வர்றேன்.”

“நான் ஓவன்னுதான் சொன்னேன். தகடுன்னு நீங்கதான் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவர் வருவதற்குள் நான் வேலையை முடித்தேன். பழிவாங்குகிறேன் என்று வேலையில் குறை வைக்கிற ஆள் நானில்லை. சிவப்பு வயரை வெட்டாமல் முறுக்கோடு கழற்றி எடுத்தேன். என் பையில் இருந்த புது ப்யூஸைப் போட்டேன், உருகிய வயரை மாற்றினேன், ஃபேனைச் சுரண்டிக் கழுவினேன். மெயினைப் போட்டதும் பூட்டு கிளிக்கென்று விட்டது. அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டும் திரும்பவில்லை. கேக் ஆர்டர் எழுதும் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியின் மேலிடத்துக்குப் புகார். ‘போன வருஷம் எங்கள் வீட்டு ஓவனில் ப்யூஸுக்குப் பதிலாக வயர் கொடுத்தவர் என் கணவர். டீச்சர் வீட்டிலும் இதே கை முறுக்கிய வயர்தான் எரிந்தது. அதற்காக நீங்கள் வேலையை விட்டு நீக்கியது என் தங்கையை.’ இரண்டு பிரதி எழுதினாள்.

“போயிடு, நான் பாத்துக்கறேன்” என்றாள் என்னிடம்.

“இருந்து பாத்துட்டுத்தான் போவேன்” என்றேன்.

அத்தான் மூச்சு வாங்க வந்தார். என்னைப் பார்த்தார், மேஜை மேல் இருந்த சிவப்பு வயரைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துபோயிற்று என்பது அவருக்குத் தெரிந்தது. “அவசரத்துக்குப் பண்ணினது. உனக்குக் கேக் ஆர்டர் இருந்தது, உனக்காகத்தான்” என்று ஆரம்பித்தார்.

“டீச்சருக்கும் கேக் ஆர்டர் இருந்துச்சா?” என்றாள் அக்கா. “புகார் கொடுத்தா மேனேஜர் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டாம்ப் போடணும். அப்பத்தான் மேலிடம் கண்ணால பாக்கும். அது உங்க ஆபீஸ் சட்டம்தானே. எடுங்க.”

“வீட்டு விஷயத்தை வெளில...”

“எடுங்க. இல்லைன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மேலிடத்து முன்னாடி நேராப் போய் நிப்பேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. டீச்சரின் கையை நினைத்துக்கொண்டு சிவப்பு வயரைத் தாளின் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். பைக்குள் கைவிட்டு ஸ்டாம்பை எடுத்தார். தாளின் ஓரத்தில் ஒப்புக்கு ஒரு தடவை வைத்து எடுத்தார். தேதி பாதிதான் பதிந்திருந்தது.

நான் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“தெளிவா விழல அத்தான்” என்றேன். “ஊதிட்டு இன்னொரு தடவை குத்துங்க.”