முப்பத்துமூணுக்குப் பதினேழு

மூன்று ஆஸ்பத்திரிகளின் துணியைத் துவைத்துத் தரும் சலவைக்கூடம் அது. கீழ்த்தளத்தில் துவைப்பு, பதினேழு பெண்கள். மேல்தளத்தில் இஸ்திரியும் மடிப்பும், முப்பத்துமூன்று பேர். மேலே ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு, கால் கடுத்தால் உட்கார நாற்காலி உண்டு. கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆபரேஷன் தியேட்டர் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் தனியாக, சீழ் தனியாக ஒதுக்கி, கொதிநீரில் அலசிப் போட வேண்டும். சில மூட்டைக்குள் ஊசியும் கிடக்கும்.

அக்கா மேலே, தங்கை கீழே. அக்காவும் பதினோரு வருஷம் கீழே கிடந்தவள்தான். ஓர் இடம் காலியானபோது மேலே ஏறினாள். அவள் கையிலிருந்து அந்த வாடை போக ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவள் மகள், அம்மா கன்னத்தைத் தொட்டால் முகத்தைத் திருப்பாமல் இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனதும், பாதி வேலை போயிற்று. கீழ்த்தளத்தை மூடிவிட்டுத் துவைப்பை வெளியே ஒரு மெஷின் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜர் முடிவெடுத்திருந்தார். விஷயம் கசிந்ததும் தங்கைதான் பதினாறு பேரையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

"எங்க பொழப்பை எங்களைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க சார். எல்லாருமா வேலையைப் பங்கு போட்டுக்கிறோம். வாரத்துக்கு நாலு நாள். மேல இருக்கிறவங்களும் முறை வச்சுக் கீழ வரட்டும், நாங்களும் முறை வச்சு மேல போறோம். யாரும் வெளிய போக வேண்டாம்."

மேனேஜர் கோபப்படவில்லை. "சரி, ஓட்டெடுத்துடலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு. யார் எதுக்குப் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. அம்பது பேரும் சேர்ந்து என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றார்.

அன்று கீழ்த்தளத்தில் ஒரே கொண்டாட்டம். கேட்டதும் கிடைத்துவிட்டது என்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லரம்மா மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நாம பதினேழு பேர்தானேடி" என்றாள். அவள் எப்போதும் அபசகுனமாகத்தான் பேசுவாள் என்று அவளை அடக்கினார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் வேலை முடிந்து அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"மேல என்னக்கா பேசிக்கிறாங்க?"

"யாரும் வாயே திறக்கல."

"நீ எனக்குத்தானே போடுவ?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கூடப் பொறந்தவளுக்குப் போடாம?"

சொல்லும்போது அது பொய் இல்லை. அக்கா அப்படித்தான் நினைத்திருந்தாள். மறுநாள் திரைக்குப் பின்னால் சீட்டை வைத்துக்கொண்டு நின்றபோது, முதுகெலும்பு நகர்ந்து எட்டு மாதமாகப் படுத்திருக்கும் புருஷன் நினைவுக்கு வந்தான். ஆனால் அவளை மாற்றியது அவன் இல்லை. அந்த பூட்ஸ். உள்ளே காலை விட்டதும் பிசுபிசுவென்று ஒட்டும் ஈரம். முறை வைத்துத்தான், மாதத்தில் எட்டு நாள்தான். அந்த எட்டு நாள் அவளுக்கு முடியவில்லை. என் ஒருத்தி ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது, எப்படியும் மற்றவர்கள் பங்கு போடத்தான் போடுவார்களே என்று மூடுவதற்குக் குறி போட்டு மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

முப்பத்துமூன்று பேரும் அப்படியேதான் நினைத்திருக்க வேண்டும்.

கணக்கர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்ட, கீழ்த்தளத்தின் சார்பில் தங்கை பக்கத்தில் நின்று பார்த்தாள். மூட முப்பத்துமூன்று, பங்கு போடப் பதினேழு. முறைகேடு எதுவும் இல்லை. அவளே கையெழுத்துப் போட்டாள்.

அவள் படி இறங்கி வந்தபோது கீழே யாரும் அழவில்லை. நடுவில் நின்று அவள் மெதுவாகக் கணக்குச் சொன்னாள். "மேல முப்பத்துமூணு பேரு. அதுல எங்க அக்கா நமக்குத்தான் போட்டா. அப்ப நமக்குப் பதினெட்டு விழுந்திருக்கணும். பதினேழுதான் இருக்கு. நம்மள்லயே ஒருத்தி மாத்திப் போட்டிருக்கா."

அக்கா தங்கையைத் தேடிப் பாதிப் படி வரை இறங்கி வந்திருந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

எல்லார் கண்ணும் சுற்றிச் சுற்றி பாய்லரம்மாவிடம் போய் நின்றது. அவள் மகனுக்குப் போன மாதம்தான் மேனேஜர் கிடங்கில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். பதினேழு பேர்தானே என்று முதலிலேயே சொன்னவளும் அவள்தான்.

"நான் போடலடி. எம்புள்ள மேல ஆணையா போடல."

"புள்ளைக்காகத்தானே போட்ட" என்றாள் ஒருத்தி.

பாய்லரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு படியில் நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "நீயாவது சொல்லேன்மா" என்றாள். அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கூட்டத்தில் கோபமில்லாத முகம் அது ஒன்றுதான் என்பதால் கேட்டாள்.

வாயைத் திறந்தால் போதும். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி மேலே ஏறினாள். அன்று சாயங்காலம் வரை தலையணை உறைகளை மடித்தாள். மேலே ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில் கீழ்த்தளத்தைப் பூட்டினார்கள். மெஷின் பட்டறைக்காரர்கள் பழகிய ஆட்கள் பதினாறு பேர் வேண்டும் என்று கேட்டனுப்ப, தங்கை அங்கே சேர்ந்தாள். பன்னிரண்டு மணி நேர வேலை, உட்கார இடம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தவள், சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். பாதமெல்லாம் வெடித்திருந்தது.

"கேக்காமலே மூடியிருந்தா மேனேஜரைத் திட்டிட்டாவது போயிருப்போம்க்கா. இப்ப யாரைத் திட்டுறது? கேட்டது நானு. எண்ணினது நானு. கையெழுத்தும் நானு."

அக்கா எண்ணெய் எடுத்துவந்து அவள் பாதத்தில் தடவ ஆரம்பித்தாள்.

"பாய்லரம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. பதினாறு பேர்தான்னு சொன்னாங்கல்ல, அவங்களைச் சேத்துக்கிறதா வேண்டாமான்னு நாங்களே ஓட்டெடுத்தோம். சேத்துக்கலாம்னு ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு. அவங்க போட்டது." தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். "மேல இருந்தும் மனசாட்சிப்படி போட்டது நீ ஒருத்திதான்க்கா. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அக்கா குனிந்தபடி அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.