எலிக்கு ஏது பத்தியம்?

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் மட்டும்தான் வளர்கிறது. ஆள் செத்தால் மருந்தைக் குறை சொல்ல மாட்டார்கள். செத்தவன் தலையிலேயே பழியைப் போடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் பெரியவருக்கு அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை நோய்க்குச் சித்த வைத்தியர் கொடுத்த செந்தூரப் பொடியைச் சாப்பிட்டுவந்த அவர் தம்பி, சிறுநீரகம் கெட்டுச் செத்தான். துக்கம் கேட்க வந்த வைத்தியர், "பத்தியத்தை மீறிட்டாருங்க" என்று ஒரே சொல்லில் கைகழுவிவிட்டுப் போனார்.

அந்த வைத்தியரே அரைத்து அனுப்பிய அதே செந்தூரத்தை இப்போது எலிகளுக்குப் புகட்டுகிறார்கள், உடம்புக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்க. பெரியவருக்கு வாயெல்லாம் பல். எலி கூண்டைத் தாண்டாது. திருட்டுத்தனமாக இனிப்பு தின்னாது. அது செத்தால் வைத்தியர் எந்தப் பத்தியத்துக்குப் பின்னால் ஒளிவார்?

தினமும் வந்ததும் கூண்டுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"இன்னுமா சாகல நீ?"

எலிகளோ மினுமினுவென்று கொழுத்து, மரத்தூளைக் கிளறிக்கொண்டு அவரையே வேடிக்கை பார்த்தன. கடைசியில் ஆய்வுக்கார அம்மா அவற்றை அறுத்துப் பார்த்து, ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாள். முடிவைக் கேட்க வந்த வைத்தியர் மீசையைத் தடவினார்.

"பாத்தீங்களா பெரியவரே? இப்பவாவது நம்புறீங்களா?"

"எலிக்குக் குடுத்தது, சோதிக்கப் போறாங்கன்னு பாத்துப் பாத்து அரைச்சது. என் தம்பி தின்னது இது." சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "அவன் வச்சிட்டுப்போன மிச்சம். நீங்க சாப்பிடுங்க."

வைத்தியரின் முகம் சுண்டியது. "அதை வெறுமனே சாப்பிடக் கூடாதுங்க. தேன்ல குழைக்கணும்."

"சாக்கு சொல்வீங்கன்னு தெரியும்." மறு பையிலிருந்து தேன்குப்பி வெளியே வந்தது. "பத்தியமும் நீங்க மீறமாட்டீங்க."

"ஐயா, அதை என்கிட்ட குடுங்க, சோதிச்சுச் சொல்றேன்" என்றாள் அந்த அம்மா.

"நீங்க சொன்னதைத்தான் இப்பக் கேட்டேனேம்மா!"

வாசலில் வேலையாட்கள் கூடிவிட்டார்கள். வைத்தியர் அவர்களை ஒருமுறை பார்த்தார். பொடியில் பாதியை உள்ளங்கையில் கொட்டித் தேனில் குழைத்து நக்கி விழுங்கினார்.

"போதுமா? கல்லு மாதிரி நிக்கிறேன், பாருங்க!"

"மொத வேளைக்கு என் தம்பியும் இப்படித்தான் நின்னான்." பெரியவர் பாதி மிச்சமிருந்த பொட்டலத்தை வைத்தியர் கையிலேயே திணித்தார். "நாளைக்கும் சாப்பிடுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.